வடக்குச் சுவரின் அளவு

2025 ஜனவரி 16, வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்து பத்துக்கு டைரியில் தேதியும் கிழமையும் எழுதினேன். வானம் தெளிவு, லேசான குளிர். ஐந்தரைக்குப் பால் பாக்கெட் எடுத்து வந்து, ஒரு ஆளுக்கு மட்டும் டிகாஷன் இறக்கினேன். ஆறு மணிக்குக் குளத்தைச் சுற்றி இரண்டு நடை. ஏழு ஐந்துக்குத் திரும்பினேன். இரண்டு தோசை, மிளகாய்ப்பொடி. ஆபீஸுக்கு அந்த வாரம் லீவு சொல்லியிருந்தேன். ஹால் வேலை தொடங்கி அன்று இரண்டாம் நாள்.

எங்கள் வீடு ஸ்ரீவராகத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வரிசை வீடுகளில் ஒன்று. கிழக்கு பார்த்த வாசல். வாசலுக்கு இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்து ஒவ்வொரு ஜன்னல். உள்ளே நுழைந்ததும் ஹால், அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, அப்புறம் சமையலறை. என் மனைவி 2023 டிசம்பரில், நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஐம்பது வயது. வருஷத் திவசம் முடியும்வரை வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. அது முடிந்த வாரமே பெங்களூரிலிருந்து மகள் போன் செய்து, "அப்பா, ஹாலை இனிமேலாவது மாத்துங்கோ. அம்மா எத்தனை வருஷமாக் கேட்டா," என்றாள்.

மனைவி கேட்டது உண்மையில் ஒன்றே ஒன்றுதான். ஷோகேஸை ஜன்னலிலிருந்து நகர்த்த வேண்டும்.

2003இல் நான் தேக்கில் செய்யச் சொல்லி வாங்கிய ஷோகேஸ் அது. ஆறடி இரண்டு அங்குலம் அகலம், ஆறடி உயரம், கண்ணாடிக் கதவுகள். அதை வைக்க ஹாலில் வேறு இடம் இல்லாததால் வாசலுக்குத் தெற்கே இருந்த ஜன்னலை அடைத்தாற்போல் வைத்தேன். தெற்குச் சுவரில் என் மேஜையும் டைரி அலமாரியும் இருந்தன. மேற்குச் சுவரில் நடுவே இரண்டாங்கட்டுக்குப் போகும் கதவு. வடக்குச் சுவரில் காலியிடம் ஐந்தடி பத்து அங்குலம்தான். அது வந்த அன்றே அளந்து டைரியில் எழுதியிருந்தேன். நான்கு அங்குலம் போதவில்லை.

மனைவி மத்தியானம் சமையலறை வேலை முடிந்ததும் மேற்குச் சுவரில், கதவுக்குத் தெற்கே, கால் நீட்டி உட்காருவாள். பயறு பொறுக்குவாள், வாரப் பத்திரிகை படிப்பாள், சில நாள் சும்மா இருப்பாள். அவளுக்கு நேர் எதிரே அந்த ஜன்னல் இருந்திருக்க வேண்டும். இருந்தது ஷோகேஸ். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு ஹாலை ஒழிக்கும்போது கேட்பாள்.

"ஏன்னா, இதைக் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போட்டா என்ன? தெருவாவது தெரியும்."

"எடமில்ல. அஞ்சடி பத்துதான்."

"நோட்டைப் பாத்துச் சொல்றேளா, செவரைப் பாத்துச் சொல்றேளா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ செரி. செவருகிட்ட நானே கேட்டுக்கறேன்," என்று சிரித்துக்கொண்டே போய்விடுவாள். ஒரு வருஷம், "உங்க மேஜை இரண்டாங்கட்டுக்குப் போகப்படாதா?" என்றும் கேட்டாள். அங்கே பிளக் பாயிண்ட் இல்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

எனக்கும் அவளிடம் ஒரு குறை இருந்தது. தினமும் தேங்காயெண்ணெய் தேய்த்த தலையைச் சுவரில் சாய்ப்பாள். அந்த இடத்தில் இளநீர் ஓடு அளவுக்கு ஒரு கறை. ஒவ்வொரு முறை வெள்ளையடித்ததும் சில மாதத்தில் திரும்ப வந்துவிடும். "பின்னால ஒரு துண்டைப் போட்டுண்டு சாய்ஞ்சுக்கோ," என்று நான் சொன்னதை எத்தனை டைரிகளில் எழுதியிருக்கிறேன் என்று எண்ணினால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

இந்த முறை ஒன்பது வேலைகளை ஒரு தாளில் எழுதி உள்கதவில் ஒட்டியிருந்தேன். ஒவ்வொன்றும் முடிந்தவுடன் பக்கத்தில் பென்சிலால் டிக் போட வேண்டும் என்று பெயிண்டரிடம் சொல்லியிருந்தேன். முதல் எண், கூரை மரத்துக்கு வார்னிஷ். இரண்டு, தெற்கு ஜன்னலைத் திறந்து செப்பனிடுதல். மூன்று, ஷோகேஸை அப்புறப்படுத்துதல். நான்கு, "மேற்குச் சுவரில் எண்ணெய்க் கறை, முழுவதும் நீக்கவும்." மிச்சம் பெயிண்ட், திரைச்சீலை, பிரம்பு நாற்காலிகளுக்குப் பதில் சனிக்கிழமை வர வேண்டிய சோபா.

ஷோகேஸுக்கு ஹாலில் இடமில்லை, மற்ற அறைகளின் கதவுகளில் அது நுழையாது. ஆகவே பழைய சாமான் வாங்குகிற ஒருவரிடம் பேசி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியோடு வரச் சொல்லியிருந்தேன். அவள் கேட்டதை அவள் இருக்கும்போது செய்யவில்லை, இப்போதாவது செய்கிறோம் என்ற எண்ணம் எனக்கு ஓரளவு ஆறுதலாகக்கூட இருந்தது. அதையும் டைரியில் எழுதியிருந்தேன்.

பெயிண்டர் எட்டரைக்கு வந்தார். பாறசாலைக்காரர், என் வயதிருக்கும். பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டுக்கு அவர்தான். தங்கை புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பேரும் ஷோகேஸின் அடியில் சாக்கை நுழைத்து இழுக்கப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

"சாரே, இது பெட்டியா ஆனையா? உள்ள ஆரையாவது வெச்சுப் பூட்டியிருக்கேளா?"

"எல்லாம் எடுத்தாச்சு. வெறும் மரம்தான்."

"வெறும் மரத்துக்க கனமா இது! மாப்ள, நீ தள்ளுகியா, சும்மா பிடிச்சிட்டு நிக்கியா?"

"நான்தான் தள்ளுகேன் அத்தான். நீங்கதான் பேசிட்டு நிக்கிய."

ஒருவழியாக நகர்ந்தது. பின்னால் சுவரில் ஆறடிக்கு ஆறடி பிஸ்தா பச்சை. 2003க்கு முன்னால் அடித்த நிறம். அதற்கப்புறம் மூன்று தடவை பெயிண்ட் அடித்தபோதும் ஷோகேஸை நகர்த்தாமல் சுற்றியே அடித்திருந்தோம். நடுவில் சாத்திய ஜன்னல். பலகைகள் மேல் பல்லி முட்டை, தூசி, மகளின் ஒரு பழைய பிளாஸ்டிக் வளையல். பெயிண்டர் ஜன்னலின் கீழ்த் தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். துரு கடித்துப் பிடித்திருந்தது.

"இது இப்பம் வராது சாரே. அடிச்சா பலகை ஒடஞ்சிரும். நாளைக்கு மண்ணெண்ணெய் கொண்டுவாறேன்."

வேலை செய்ய இடம் வேண்டுமென்று ஷோகேஸை அவர்கள் இரண்டு பேரும் குறுக்கே தள்ளிக்கொண்டு போய் வடக்குச் சுவரில் சேர்த்து நிறுத்தினார்கள். நான் அப்போது வளையலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பெயிண்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சாரே இதை விக்கியது? இஞ்சயே கெடக்கட்டே. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

ஷோகேஸ் வடக்குச் சுவரில் நின்றது. அதன் ஒரு பக்கம் மேற்கு மூலை. மறுபக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

என் முதல் எண்ணம், அவர்கள் ஏதோ கோணலாக வைத்திருக்கிறார்கள் என்பது. மேஜை டிராயரிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்து வந்தேன். பெயிண்டரின் தங்கை புருஷனை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். மூலையிலிருந்து மூலைக்கு எட்டடி பத்து அங்குலம். இன்னொரு தரம் அளந்தேன். எட்டடி பத்து.

"என்ன சாரே, கொறையுதா?" என்றார் பெயிண்டர்.

"இல்ல. கூடுதலா இருக்கு."

"கூடுனா நல்லதுதானே," என்று சொல்லிவிட்டு அவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

டைரி அலமாரியின் மேல் துணி போட்டு மூடியிருந்தேன். துணியை விலக்கி 2003ஐ எடுத்தேன். பக்கம் உடனே கிடைத்தது, ஏனென்றால் அவள் கேட்ட போதெல்லாம் அதைத்தான் திறந்து காட்டியிருக்கிறேன். "வடக்குச் சுவர்: பீரோ ஓரத்திலிருந்து மூலை வரை 5 அடி 10 அங்."

பீரோ ஓரத்திலிருந்து. என் கையெழுத்துதான். வருஷா வருஷம் எண்ணை மட்டும் படித்திருக்கிறேன்.

அப்போது அந்தச் சுவரின் ஒரு மூலையில் மூன்றடி அகலமுள்ள இரும்பு பீரோ ஒன்று இருந்தது. இப்போது அது இரண்டாங்கட்டில் இருக்கிறது. எப்போது போனது? அடுத்த டைரிகளைப் புரட்டினேன். 2006, ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "பீரோ இரண்டாங்கட்டுக்கு மாற்றப்பட்டது. உதவி: பக்கத்து வீட்டார் இருவர். நேரம் 40 நிமிடம்." நாற்பது நிமிடத்தைக்கூட விடாமல் எழுதியிருக்கிறேன். இரண்டு குறிப்புகளும் சரி. இரண்டும் ஒரே அலமாரியில், மூன்று டைரி தள்ளி இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. 2006லிருந்து 2023 வரை பதினெட்டு சரஸ்வதி பூஜை. பதினெட்டு தடவை இல்லாத ஒரு பீரோவைக் கழித்துவிட்டு அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்ததையும் எழுதிவிட வேண்டும். காலையில் வண்டி வந்து ஷோகேஸை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்தச் சுவரின் அளவை இனி யாரும் கேட்கப்போவதில்லை. சோபா வரும், அதன் மேல் திண்டுகள் வரும். நான் அளந்தது சரி என்றே மகள் கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பாள்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு இரண்டாங்கட்டுக்குப் போனேன். மணி பதினொன்று இருபது. மகள் வேலை நேரத்தில் பொதுவாக எடுக்க மாட்டாள், அன்று எடுத்தாள்.

"என்னப்பா? லிஸ்ட்ல பத்தாவது பாயிண்ட் சேத்தாச்சா?"

"வடக்குச் செவர் எட்டடி பத்து," என்றேன்.

"என்னது?"

"ஷோகேஸ் அங்க நன்னா நிக்கறது. ரெண்டடி எட்டு அங்குலம் மிச்சம்."

நாற்காலி நகரும் சத்தம், பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஹலோ? கேக்கறதா?"

"கேக்கறதுப்பா. எட்டடி பத்துன்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"நானும் அம்மாவும் அளந்திருக்கோம். நான் செவன்த்ல இருக்கச்சே. எனக்கு ஸ்கூல் லீவு, நீங்க ஆபீஸ் போயிருந்தேள். டிராயர்லேர்ந்து உங்க மஞ்ச டேப்பை எடுத்து, நான் ஒரு பக்கம் பிடிச்சேன், அம்மா ஒரு பக்கம் பிடிச்சா. அளந்துட்டு டேப்பை எடுத்த மாதிரியே வெக்கணும்னு அம்மா நாலு தரம் திருப்பித் திருப்பி வெச்சா. எனக்குச் சிரிப்பு தாங்கல."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்றேன்னுதான் குதிச்சேன். அம்மா விடல. 'வேண்டாண்டி, உங்கப்பாவுக்கு நோட்டு தப்பாச்சுன்னா நாலு நாள் தூக்கம் வராது. அவரே ஒருநாள் அளப்பார், அப்போ மாத்திக்கலாம்'னா."

"அதுக்கப்புறமும் வருஷா வருஷம் கேட்டாளே."

"அதுக்குத்தாம்பா கேட்டா. கேட்டா எழுந்துபோய் அளப்பேள்னு."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். எதிரே அந்த இரும்பு பீரோ. அதன் கண்ணாடியில் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நான் இப்ப இதைச் சொல்லியிருக்கப்படாது."

"இல்ல. சொன்னது நல்லதுதான்."

"அம்மாவுக்கு அதுல கோபமெல்லாம் இல்லப்பா. போன சரஸ்வதி பூஜைக்கு... இல்ல, அதுக்கு முந்தினதுக்கு, என்கிட்ட போன்ல சொன்னா. 'இந்த வருஷமும் உங்கப்பா டேப்பை எடுக்கல கேட்டியோ, நோட்டைத்தான் எடுத்தார்'னு. சொல்லிட்டுச் சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"ஆமாம்ப்பா. சிரிச்சா."

அவள் அழத் தொடங்கினாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எப்போது போனை வைத்தேன் என்றும் தெரியவில்லை. அந்த நேரத்தை நான் பார்த்து வைக்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது ஒன்று நிச்சயமாகத் தோன்றியது. ஷோகேஸ் எப்படியும் இருக்கட்டும், மேற்குச் சுவரில் உள்ள கறையைத் தொடக்கூடாது. அந்தச் சுவர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எப்போதும் என் ஆசைதான், அவளுடையது இல்லை. அந்த ஓரிடத்தை விட்டுவிட்டு மற்றதை அடிக்கச் சொல்ல வேண்டும். சோபாவை வேறு பக்கம் போட்டுக்கொள்ளலாம்.

எழுந்து ஹாலுக்கு வந்தேன். பெயிண்டர் தரையில் குந்தியிருந்தார், பக்கத்தில் பிரைமர் டப்பா. மேற்குச் சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், கறை இருந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு பொட்டுகூடத் தெரியாமல் செய்திருந்தார்.

"நாலாம் நம்பர் முடிஞ்சு சாரே," என்றார். "ஆதியம் அதைத் தீத்துரலாம்னு நெனச்சேன். சோப்பு வெள்ளம் போட்டுக் கழுவி, தேச்சு, ரெண்டு கோட் பிரைமர். போன வாட்டி நான் சொன்னேன்லா, எண்ணெய் குடிச்ச சுவராக்கும், திரும்பி வரும்னு. வந்துதுல்லா?"

"வந்தது."

"இந்த வாட்டி வராது. இது நல்ல பிரைமர், பின்னே இப்பம்..."

பின்னே என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை. பிரஷ்ஷைத் தண்ணீர் வாளியில் விட்டு, வேண்டியதற்கும் அதிகமாக அலசினார். உள்கதவில் என் தாளில் நான்காம் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சில் டிக் இருந்தது. நான் சொன்னபடியே போட்டிருந்தார்.

சுவரில் கையை வைக்கப் போனேன்.

"தொடாதீங்க சாரே, காயல. விரல் பதிஞ்சிரும்."

கையை எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போனபோது பழைய சாமான்காரருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றேன். வண்டி பேசியாச்சே, முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று மலையாளத்தில் கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயம்தான். மன்னிப்புக் கேட்டேன். சாயங்காலத்துக்குள் தெற்குச் சுவரும் கூரையின் பாதியும் முடிந்தன. ஐந்தரைக்குக் கிளம்பும்போது பெயிண்டர் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஷோகேஸ் அங்ஙனயே நிக்கட்டும், இல்லியா சாரே?"

"அங்கேயே நிக்கட்டும்."

"அம்மா போன வாட்டியும் என்கிட்ட அதைத்தான் சொன்னாவ. 'சாரு சம்மதிச்சா அந்தப் பக்கம் போடலாம்'னு. நான் சாருகிட்டக் கேக்கணும்னு நெனச்சு விட்டுட்டேன்."

அவர் போன பிறகு 2003 டைரியை எடுத்து மேஜையில் வைத்தேன். எங்கள் ஆபீஸ் பழக்கப்படி, பதிவேட்டில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். கோடு போட அதில் தப்பு எதுவும் இல்லை. எழுதிய அன்றைக்கு அது சரியான அளவு. மூடி வைத்துவிட்டேன். அன்றைய டைரியில் காலை எழுதிய தேதிக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. எட்டு மணிக்கு மோர்சாதம். பெயிண்ட் வாசனைக்காக இரண்டாங்கட்டில் படுத்தேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். டைரியைத் திறக்கவில்லை, பால் பாக்கெட்டும் எடுக்கவில்லை. முதலில் குளியலறைக்குப் போய், அலமாரியில் அவளுடைய தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். ஒரு வருஷமாக அங்கேயே இருந்தது. மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் மிச்சம், குளிரில் அடியில் லேசாக உறைந்திருந்தது. அதை உள்ளங்கையில் ஊற்றிச் சூடாக்கி, ஹாலின் தெற்கு ஜன்னலுக்குப் போய், கீழ்த் தாழ்ப்பாளில் சொட்டுச் சொட்டாக விட்டேன். கொஞ்சம் காத்திருந்தேன். மெதுவாக ஆட்டினேன். மறுபடியும் விட்டேன். துரு கரைந்து விரலெல்லாம் செம்மண் நிறமாயிற்று. நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ தாழ்ப்பாள் மேலே வந்தது.

பலகையைத் தள்ளியதும் தெரு தெரிந்தது. எதிர்வீட்டு மாமி விளக்கைப் போட்டு வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்து, இந்த ஜன்னலையே பார்த்தாள். கையில் வாளியோடு சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து மிச்சத் தண்ணீரைத் தெளித்தாள்.

துருப்பட்ட விரல்களை வேட்டியில் துடைத்தேன். இன்னொரு கையில் மிச்சமிருந்த எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டேன். மேற்குச் சுவருக்குப் போய், கதவுக்குத் தெற்கே தரையில் உட்கார்ந்து, கால் நீட்டி, தலையைச் சுவரில் சாய்த்தேன். பிரைமர் காய்ந்திருந்தது.